கலாட்ரியல்: ஒரே எல்ஃப் அரசிக்கு ஏன் இத்தனை வரலாறு?

2022 ஆகஸ்டில் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரின் ஆசிய-பசிபிக் முன்வெளியீட்டு விழா மும்பையில் நடந்தது. நடிகர்கள் நேரில் வந்திருந்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி தமிழ் டப்பிங்கோடு தொடர் பிரைம் வீடியோவுக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் திரைக்கு வந்தது. மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்த ஒரு மாதம் இரண்டைப் பற்றியும் ஒரே கேள்விதான் ஓடியது: "இது மூலத்தில் இருக்கிறதா?"

பொன்னியின் செல்வன் விஷயத்தில் பதில் சொல்வது சுலபம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் இருக்கிறது. எடுத்துப் புரட்டினால் குந்தவை என்ன சொன்னாள், நந்தினி எங்கே நின்றாள் என்று காட்டிவிடலாம். தொடரின் நாயகி, எல்ஃப் என்ற சாவில்லாத கற்பனை இனத்தைச் சேர்ந்த கலாட்ரியலுக்கு அப்படிப் புரட்ட ஒரு புத்தகம் இல்லை. 2001இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்தில் வெள்ளை உடுத்தி, குரல் உயர்த்தாமல், எதிரில் நிற்பவரின் மனதைப் படிக்கும் பெண்ணாக அவளைப் பார்த்தோம். தொடரில் அவள் கவசம் அணிந்து பனிமலை ஏறுகிறாள், வாள் சுழற்றுகிறாள், கோபப்படுகிறாள். இரண்டில் எது அசல் என்று கேட்டால், அந்தக் கேள்வியையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடரின் இரண்டாம் பருவமும் 2024இல் முடிந்த பிறகு குழப்பம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

முதலில் காலக்கணக்கு

இந்தக் கதைகளை எழுதிய டோல்கீன் 1892இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். அவருடைய கற்பனை நிலத்தின் பெயர் மத்திய பூமி. அதன் வரலாறு யுகங்களாகப் பிரிகிறது. நம் சதுர்யுகக் கணக்கின் முன் இவை குட்டி யுகங்கள்தான்.

1. மரங்களின் காலம். சூரியன், சந்திரன் இன்னும் இல்லை. கடலுக்கு அப்பால், மேற்கே வாலினோர் என்ற தேவலோகம் போன்ற நிலத்தில் இரண்டு மரங்கள் ஒளி தருகின்றன. கலாட்ரியல் பிறந்தது இங்கே.
2. முதல் யுகம். சூரியன் உதித்த பிறகு இது சுமார் 590 ஆண்டு ஓடுகிறது. எல்ஃப்களுக்கும் மார்கோத் என்ற ஆதிப் பகைவனுக்கும் இடையில் நடந்த பெரும்போர்களின் காலம்.
3. இரண்டாம் யுகம், 3,441 ஆண்டு. மார்கோத்தின் தளபதி சௌரான் தலையெடுக்கிறான். மோதிரங்கள் உருவாகின்றன. தொடர் நடப்பது இந்தக் காலத்தில்.
4. மூன்றாம் யுகம், 3,021 ஆண்டு. இதன் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில்தான், மற்ற மோதிரங்களை அடக்கும் சௌரானின் தலைமை மோதிரத்தை அழிக்க ஃப்ரோடோ போகும் பயணம், அதாவது நாம் பார்த்த மூன்று படங்கள்.

சூரியன் வந்த நாளிலிருந்து எண்ணினாலே ஃப்ரோடோ சந்திக்கும் கலாட்ரியலுக்கு 7,000 வயதுக்கு மேல். மோதிரங்கள் செய்யப்பட்ட காலத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் நடுவில் மட்டும் ஏறக்குறைய 4,800 ஆண்டு. சங்கப் பாடல்களுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆக, தொடரில் வருபவளும் படத்தில் வருபவளும் வேறு வேறு குணத்தோடு இருப்பது தன்னளவில் பிழையாகாது. அவ்வளவு காலத்தில் மலையே தேயும்.

சாவாமை என்றால் இங்கே என்ன?

நமக்குப் பழக்கமான சாவாமை பெரும்பாலும் கிடைக்கும் பொருள். பாற்கடலைக் கடைந்து வந்த அமுதம் அப்படி. அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் அப்படி. இல்லையென்றால் அது சாபம்: அசுவத்தாமன் சாக முடியாமல் அலைவான். டோல்கீனின் எல்ஃப்களுக்கு அது வரமும் இல்லை, சாபமும் இல்லை. மீனுக்கு நீர்போல அவர்களின் இயல்பு. ஆனால் அதற்கு விதிகள் உண்டு.

1. முதுமையாலும் நோயாலும் சாவில்லை. வாளால் வெட்டினால் சாவார்கள். தீராத துயரத்தாலும் சாவார்கள்.
2. செத்தாலும் உலகத்தை விட்டுப் போக முடியாது. உயிர் வாலினோரில் உள்ள மாண்டோஸின் கூடங்களுக்குச் செல்லும். காத்திருந்து, அனுமதி கிடைத்தால், மீண்டும் உடல் பெறலாம்.
3. உலகம் இருக்கும்வரைதான் அவர்களும். உலகம் முடிந்தால் பிறகு என்ன என்பது அவர்களுக்கே தெரியாது. மனிதர்களின் உயிர் மட்டும் உலகத்துக்கு வெளியே போகிறது. அதனால்தான் இந்தக் கதைகளில் மரணத்தை மனிதனுக்குக் கிடைத்த பரிசு என்கிறார்கள்.
4. காலம் போகப் போக எல்ஃப்களின் உயிர் உடலைத் தின்றுவிடும். மெல்ல மங்கி நிழலாகிவிடுவார்கள். மத்திய பூமியில் தங்கினால் இது நடந்தே தீரும்.

நான்காவது விதியைப் பிடித்துக்கொண்டால் கலாட்ரியலின் அரசியல் முழுதும் விளங்கும். அவள் பயம் சாவைப் பற்றியது இல்லை. தன் கண் முன்னாலேயே எல்லாம் தேய்ந்து போவதைப் பற்றியது. சுற்றிலும் மரம் உதிர்கிறது, அரசுகள் எழுந்து விழுகின்றன, பழகிய மனிதர்கள் வரிசையாகச் சாகிறார்கள், அவள் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்தத் தேய்மானத்தை நிறுத்திவைக்கும் கருவியாகத்தான் எல்ஃப்களின் மூன்று மோதிரங்கள் செய்யப்பட்டன. போர்க்கருவியாக அவை செய்யப்படவே இல்லை.

வாழ்க்கை, சுருக்கமாக

நோல்டோர் என்ற எல்ஃப் குலத்தின் பேரரசன் ஃபின்வேயின் பேத்தி. தந்தை ஃபினார்ஃபின். தாய் எயார்வென், கடற்கரை எல்ஃப்களின் இளவரசி. அண்ணன்களில் மூத்தவன் ஃபின்ரோட். குடும்பத்தில் இன்னொரு கிளையில் அவளுடைய பெரியப்பா ஃபியனோர், மூன்று சில்மரில் மணிகளைச் செய்தவன், மகா கர்வி. அவளுடைய பொன்னும் வெள்ளியும் கலந்த கூந்தலிலிருந்து ஒரு கற்றை வேண்டுமென்று அவன் மூன்று முறை கேட்டானாம். மூன்று முறையும் அவள் தரவில்லை.

மார்கோத் மணிகளைத் திருடிக்கொண்டு மத்திய பூமிக்கு ஓட, ஃபியனோர் பழிதீர்க்கச் சபதமெடுத்துக் கிளம்புகிறான். நோல்டோர் கூட்டம் தேவர்களின் பேச்சை மீறி அவனோடு எழுகிறது. கலாட்ரியலும் கிளம்புகிறாள். அவள் ஃபியனோரின் சபதத்தை எடுக்கவில்லை. அவளுக்கு வேறு கணக்கு: காவலில்லாத பெரிய நிலங்களைப் பார்க்க வேண்டும், தன் விருப்பப்படி ஆள ஒரு நாடு வேண்டும். கதையின் மையமே இந்த ஆசைதான். கப்பல்களை ஃபியனோர் கொளுத்திவிட, மற்றவர்கள் ஹெல்கராக்ஸே என்ற பனிப்பாழைக் கால்நடையாகக் கடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திச் சென்றவர்களில் அவளும் ஒருத்தி.

முதல் யுகத்தில் டோரியத் நாட்டு அரசி மெலியானிடம் தங்கிப் பலதும் கற்கிறாள். அங்கே கெலபோர்னைச் சந்திக்கிறாள், பிறகு மணக்கிறாள். அண்ணன் ஃபின்ரோட் ஒரு மனிதனைக் காப்பாற்றப் போய், சௌரானின் கோட்டையில் ஓநாயோடு வெறுங்கையால் போராடி மாள்கிறான். இரண்டாம் யுகத்தில் கொல்லன் கெலபிரிம்போர் செய்த மூன்று மோதிரங்களில் நீரின் மோதிரமான நென்யா அவள் கைக்கு வருகிறது. அவள் மகள் கெலபிரியான் எல்ராண்டை மணக்கிறாள். பேத்தி ஆர்வென். மூன்றாம் யுகம் 1981க்குப் பிறகு அவளும் கெலபோர்னும் லோத்லோரியன் (சுருக்கமாக லோரியன்) காட்டின் பொறுப்பை ஏற்கிறார்கள். 3021இல் அவள் கப்பலேறி மேற்கே போகிறாள். கெலபோர்ன் அப்போது உடன் போகவில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னால் கோவையாகத் தெரியும். ஆனால் இந்தக் கோவை பிற்பாடு கட்டப்பட்டது.

முதுமை முதலில், இளமை பிறகு

டோல்கீன் தன் எல்ஃப் புராணங்களை முதல் உலகப்போர்க் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார். 1930கள் வரை வளர்ந்த அந்தப் புராணங்களில் ஃபியனோர் உண்டு, ஃபின்ரோட் உண்டு. கலாட்ரியல் கிடையாது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையை எழுதிக்கொண்டு போகையில், ஃப்ரோடோ கூட்டம் லோரியன் என்ற பொன்வனத்துக்குள் நுழைந்தபோதுதான் அவள் முளைத்தாள். 7,000 வயதோடு முளைத்தாள். அதன் பிறகு அவளுக்கு ஒரு குழந்தைப் பருவமும் குடும்பமும் பழைய பாவமும் தேட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு. முன்பே எழுதி முடித்த புராணத்துக்குள் அவளைப் பின்னோக்கிச் செருகினார். ஒவ்வொரு முறை செருகும்போதும் வேறு வேறு இடத்தில் செருகினார். நாம் இன்று படும் குழப்பத்தின் வேர் இதுதான்.

முக்கியமான மூன்று வடிவங்கள்:

1. 1954 வடிவம். மோதிரக் கதையின் முதல் பாகத்தில் அவள் சொல்வது கொஞ்சம்தான். பழைய எல்ஃப் நகரங்கள் விழுவதற்கு முன்பே மலை தாண்டி வந்ததாகவும், கணவனோடு யுகம் யுகமாக ஒரு நீண்ட தோல்வியை எதிர்த்துப் போரிட்டதாகவும் சொல்கிறாள். கிளர்ச்சி, தடை, மன்னிப்பு எதுவும் பேச்சில் இல்லை.
2. கிளர்ச்சித் தலைவி வடிவம். 1967இல் வெளியான குறிப்புகளில் டோல்கீனே இதைச் சொல்கிறார்: அவள் கிளர்ச்சி செய்த தலைவர்களில் கடைசியாக எஞ்சியவள், மேற்கே திரும்பத் தடை விதிக்கப்பட்டவள். 1971இல் ஒரு கடிதத்தில் இன்னும் தெளிவாக எழுதினார். இந்தப் பாத்திரத்தில் கத்தோலிக்க மரபின் மரியாளின் சாயல் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆனால் இவள் பாவமன்னிப்புத் தேடியவள், மோதிரத்தை மறுத்ததால்தான் மன்னிக்கப்பட்டாள் என்றார்.
3. களங்கமற்றவள் வடிவம். 1973 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் தலைகீழாக மாற்றுகிறார். அவள் எந்தத் தீமையும் செய்யவில்லை, ஃபியனோரின் எதிரி, தாய்வழி உறவினரைக் காக்க அவனை எதிர்த்துப் போரிட்டவள், தன் வழியில் தனியாக வந்தவள். செப்டம்பர் 2ஆம் தேதி டோல்கீன் மறைந்தார். இதற்கேற்பப் பழைய கதையைத் திருத்த அவருக்கு நேரம் இருக்கவில்லை.

கணவன் கெலபோர்னின் நிலைமை இன்னும் மோசம். ஒரு வரைவில் அவன் லோரியன் காட்டுக்காரன், இன்னொன்றில் டோரியத் அரச குடும்பம், கடைசியில் கடற்கரை எல்ஃப். பிறந்த ஊரே மூன்று முறை மாறிய மாப்பிள்ளை!

மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன் தந்தையின் காகிதங்களைத் தொகுத்து 1977இல் 'சில்மரில்லியன்' வெளியிட்டபோது பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தை எடுத்துக்கொண்டார். 1980இல் 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பில் எல்லா முரண்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மத்திய பூமி வரலாற்றிலேயே இவ்வளவு சிக்கல் நிறைந்த பகுதி வேறில்லை என்று எழுதிவிட்டார்.

மூன்றில் எது நல்ல கதை என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். களங்கமே இல்லாத ஒருத்தி ஆசையை மறுப்பதில் என்ன பெரிய விஷயம்? நாடு வேண்டும் என்று கிளம்பியவள், நாட்டையே இழக்கத் துணிவதில்தான் சுவை.

அவள் எப்படி ஆண்டாள்?

அரசி, ராணி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவளும் கெலபோர்னும் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொள்ளவில்லை. இந்தச் சிறு காட்டுக்குத் தாங்கள் காவலர்கள் மட்டுமே என்றார்கள். ஊர் அவர்களைத் தலைவன், தலைவி என்றே அழைத்தது.

பட்டம் இல்லாத அந்த அதிகாரம் எப்படி வேலை செய்தது என்பதை ஒரு சின்ன இடத்தில் பார்க்கலாம். ஃப்ரோடோ கூட்டம் வந்து சேர்கிறது. கூட்டத்தில் கிம்லி என்ற குள்ளனும் இருக்கிறான். குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் தலைமுறைப் பகை. குள்ளர்களின் பழைய சுரங்க நகரமான மோரியாவின் ஆழத்தில் தூங்கிய அரக்கனைக் குள்ளர்கள் எழுப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் கெலபோர்ன் சினந்து, தெரிந்திருந்தால் உன்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன் என்கிறான். கலாட்ரியல் எல்லோர் முன்னிலையிலும் கணவனைத் திருத்துகிறாள். அப்புறம் கிம்லியைப் பார்த்து, அவன் முன்னோரின் ஏரியையும் ஊற்றையும் அவன் மொழியிலேயே பெயர் சொல்லிப் புகழ்கிறாள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்க்கிறான். பகைவர் வீடென்று நினைத்த இடத்தில் அன்பைப் பார்த்த அதிர்ச்சி. கிளம்பும்போது பரிசாக என்ன வேண்டும் என்று அவள் கேட்க, ஒற்றை முடியிழை கேட்கிறான். ஃபியனோருக்கு மூன்று முறை மறுத்தவள் இவனுக்கு மூன்று இழைகளைக் கொடுக்கிறாள். பல நூற்றாண்டுப் பகைக்கு இப்படி ஒரு ராஜதந்திரம். வாள் எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே அவளுக்கு நல்ல பெயர் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். பக்கத்து நாடான ரோஹனில் அவளைப் பொன்வனத்துச் சூனியக்காரி என்றுதான் பேசுகிறார்கள். அவள் பார்வையை நெடுநேரம் தாங்க முடிந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருவர்தான்.

பிறகு அந்த நீர்க்கண்ணாடிக் காட்சி. இரவில் ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் ஒரு பள்ளத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறாள். வெள்ளித் தட்டில் ஓடை நீரை ஊற்றி, மேலே மூச்சு விடுகிறாள். சாம் தன் ஊரில் மரங்கள் வெட்டப்படுவதையும் வயதான அப்பா தட்டுமுட்டுச் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போவதையும் பார்க்கிறான். ஃப்ரோடோ சௌரானின் கண்ணைப் பார்க்கிறான். அப்போதுதான் அவள் தன் விரலில் இருக்கும் நென்யாவைக் காட்டித் தன் நிலைமையைச் சொல்கிறாள். அதை இப்படிப் பிரிக்கலாம்:

1. ஃப்ரோடோ தோற்றால், சௌரான் கையில் எல்லாம் போகும். லோரியனும் போகும்.
2. ஃப்ரோடோ வென்றால், தலைமை மோதிரம் அழியும். அதோடு மூன்று மோதிரங்களின் சக்தியும் வற்றும். லோரியன் அப்போதும் தேயும்.
3. மூன்றாவது வழி ஒன்று உண்டு. தலைமை மோதிரத்தை அவளே எடுத்துக்கொண்டால் சௌரானையும் வீழ்த்தலாம், லோரியனையும் காக்கலாம்.

மூன்றாவது வழியை ஃப்ரோடோ தானாகவே நீட்டுகிறான்: இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டு மனதில் ஓட்டிப்பார்த்த ஆசை உள்ளங்கையில் வந்து நிற்கிறது. இருண்ட அரசனுக்குப் பதிலாக ஒரு பேரரசி, எல்லோரும் நேசித்து நடுங்கும் பேரழகி, ஒரு கணம் நெடிதுயர்ந்து தெரிகிறாள். பிறகு சிரிக்கிறாள். வெள்ளை உடுத்திய மெலிந்த பெண்ணாகிறாள். தேர்வில் தேறிவிட்டேன், குறைந்து போவேன், மேற்கே போவேன், கலாட்ரியலாகவே இருப்பேன் என்கிறாள்.

கையில் கொடுத்த நாட்டை மறுக்கும் கதை கம்பனில் பரதனைப் பார்த்த நமக்குப் புதிதல்ல. பரதனுக்கு ஆனால் அந்த ஆசை இருந்ததே இல்லை. இவளுக்கு இருந்தது, கடைசிவரை இருந்தது. தன் ஆட்சியை முடித்துவைக்கப் போகிறவனுக்கே வழித்துணையாக ஒளிக்குப்பியும் படகும் உணவும் கொடுத்து அனுப்புகிறாள்.

தொடர் ஏன் இப்படி எடுக்கப்பட்டது?

அமேசான் நிறுவனம் 2017இல் தொலைக்காட்சி உரிமையை வாங்கியது. சுமார் 25 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. வாங்கியதில் என்ன அடங்கும் என்பதைத் தொடரை உருவாக்கியவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள்: மோதிரக் கதையும் அதன் பின்னிணைப்புகளும், அதோடு 'ஹாபிட்' நாவலும். சில்மரில்லியன் இல்லை. அன்ஃபினிஷ்ட் டேல்ஸும் இல்லை. மும்பைக் கணக்கில் சொன்னால், ஃபிளாட்டில் ஹாலும் கிச்சனும் மட்டும் உங்கள் பெயரில், படுக்கையறைச் சாவி வேறொருவரிடம்.

கலாட்ரியலின் இளமை முழுக்க அந்தப் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. பின்னிணைப்புகளில் அவளைப் பற்றிச் சில வரிகள். மீதியைத் தொடர்க்காரர்கள் கற்பனையால் நிரப்ப வேண்டியதாயிற்று. இதை மனதில் வைத்துக்கொண்டு, அடிக்கடி வரும் புகார்களை எடைபோடலாம்.

வாள். இதுதான் அதிகம் கேட்ட புகார், இதுதான் மிகப் பலவீனமான புகாரும். இளமையில் அவள் வீர விளையாட்டுகளில் ஈடுபட்டவள், அப்போது கூந்தலை மகுடம்போல் சுற்றிக் கட்டிக்கொள்வாள் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஃபியனோரை எதிர்த்துப் போரிட்டதாகவும் கடைசி வரைவு சொல்கிறது. இரண்டாம் யுகத்தில் படைத்தலைவியாக அலைந்ததற்குத்தான் எழுத்தில் ஆதாரம் இல்லை.

கெலபோர்ன். தொடரில் அவன் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். மூலத்தின் எந்த வடிவத்திலும் இப்படி இல்லை. ஊர் மாறினாலும், சில காலம் பிரிந்திருந்தாலும், ஆள் காணாமல் போவதில்லை.

காலச் சுருக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்ததைச் சில மாதங்களுக்குள் அடைத்திருக்கிறார்கள். மூன்று மோதிரங்களும் மற்றவற்றுக்கு முன்னால் செய்யப்படுகின்றன. மூலத்தில் அவை பிந்தியவை. மனிதப் பாத்திரங்கள் பருவத்துக்குப் பருவம் செத்துக்கொண்டே போனால் தொடர் நடத்த முடியாது என்ற நடைமுறைச் சிக்கல் புரிகிறது. ஆனால் சாவில்லாதவளின் கதையில் காலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? எனக்கு இதுதான் தொடரின் பெரிய இழப்பு.

சௌரான். மூலத்தில் அவன் அன்னதார் என்ற வேடத்தில் பரிசுகளோடு வரும்போது கெலபிரிம்போர் ஏமாறுகிறான், கலாட்ரியல் நம்பவில்லை. தொடரில் அவளே அவனை எல்ஃப் நகரத்துக்கு அழைத்து வருகிறாள். ஏமாறாதவளை ஏமாந்தவளாக்கியது வாளைவிடப் பெரிய மாற்றம். ஆனால் அவள் நம்பவில்லை என்ற செய்தி இருப்பது அன்ஃபினிஷ்ட் டேல்ஸில், அதாவது பூட்டிய அறையில். திறந்த அறையில் இருப்பது வேறொரு வரி: நீர்க்கண்ணாடிக் காட்சியில், இருண்டவனின் மனதை நான் அறிவேன், அவன் என் மனதைத் துழாவிக்கொண்டே இருக்கிறான், கதவு இன்னும் மூடியே இருக்கிறது என்கிறாள். இருவருக்கும் இடையிலான மனப்போராட்டமாகத் தொடர் விரித்தெடுத்தது இந்த வரியைத்தான் என்று தோன்றுகிறது.

தாக்கம்: கதைக்குள்ளும் வெளியிலும்

கதைக்குள் அவள் செய்ததில் பெரும்பகுதி அடுத்தவர் கையால் நடந்தது. மலையுச்சியில் கிடந்த மந்திரவாதி கண்டால்ஃபைக் கழுகை அனுப்பி எடுத்துவரச் செய்து, வெள்ளை உடை கொடுத்தாள். அவள் கொடுத்த ஒளிக்குப்பிதான் ராட்சதச் சிலந்தியின் குகையில் ஃப்ரோடோவையும் சாமையும் காப்பாற்றியது. சாமுக்குக் கொடுத்தது ஒரு பெட்டி மண்ணும் ஒரு விதையும். போர் முடிந்து ஊர் திரும்பிய சாம், அழகான, பிரியமான மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் அந்த மண்ணில் துளித்துளி போட்டு ஊரைத் துளிர்க்க வைக்கிறான். மோதிரக் கதையில் அவள் நேரடியாக இறங்கிய இடம், தலைமை மோதிரம் அழிந்த பிறகு சௌரானின் டோல் குல்தூர் கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளியது.

வெளியில், விக்டோரியா காலத்து ஆங்கிலப் படக்கதைகளில் எல்ஃப் என்றால் சிறகு வைத்த, பூவுக்குள் ஒளியும் குட்டி உருவம். டோல்கீனின் நெடிய, அறிவாழ்ந்த, துயரம் தோய்ந்த எல்ஃப்கள் அந்தப் பிம்பத்தைத் தள்ளிவிட்டார்கள். 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வழியாக எல்ஃப் என்ற வகையே பொதுச் சொத்தாகி, இன்று கணினி விளையாட்டுகளில் காட்டுக்குள் வாழும் பழம்பெரும் எல்ஃப் தலைவி வழக்கமான பாத்திரமாகிவிட்டாள். பெரும்பாலான நகல்களில் அழகும் மாயமும் வந்தன, தேய்மானம் பற்றிய பயம் வரவில்லை. அதை வேறு திசையில் தொட்டது 2023இல் அனிமேயாக வந்த ஜப்பானியக் கதை 'ஃப்ரீரன்'. அதில் வரும் எல்ஃப் ஆள்பவள் அல்ல, மந்திரக்காரி. கூட்டாளிகள் கிழவர்களாகிச் செத்த பிறகுதான் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று உணர்கிறாள்.

அடுத்து என்ன: உரிமைக் கணக்கு

தொடரைத் தாண்டித் தமிழ் வாசகருக்கு நேராக வந்து சேரும் விஷயம் ஒன்று இருக்கிறது.

கல்கியின் எழுத்துகள் 1999இல் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. யாரும் பதிப்பிக்கலாம், நாடகமாக்கலாம். டோல்கீனுக்கு அப்படி இல்லை. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் காப்பு. பிரிட்டனில் அது 70 ஆண்டு. டோல்கீன் மறைந்தது 1973. ஆகவே:

1. மோதிரக் கதையின் மூன்று பாகங்களும் 'ஹாபிட்'டும் இந்தியாவில் 2033 முடிவோடு காப்பிலிருந்து வெளிவரும். 2034 ஜனவரியிலிருந்து, உரிமை கேட்காமல் அவற்றை இங்கே தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாம். பிரிட்டனில் விற்க வேண்டுமென்றால் 2043 முடியும்வரை பொறுக்க வேண்டும்.
2. ஆசிரியர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தவற்றுக்கு, வெளிவந்த ஆண்டை வைத்துக் கணக்கு. சில்மரில்லியனுக்கு 2037 முடிவு, அன்ஃபினிஷ்ட் டேல்ஸுக்கு 2040 முடிவு என்று வரும்.
3. அவற்றில் கிறிஸ்டோஃபர் சேர்த்த முன்னுரை, குறிப்பு, விளக்கங்கள் அவருடைய சொந்த எழுத்து. அவர் மறைந்தது 2020. அந்தப் பகுதிகள் 2080 வரை காப்பில் இருக்கும்.

ஆக 2034இல் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தால், நீர்க்கண்ணாடி முன் நிற்கும் கலாட்ரியலைத் தாராளமாகத் தமிழில் பேச வைக்கலாம். பனிப்பாழைக் கடந்த கலாட்ரியலுக்கு இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். அவள் வரலாறு ஏன் முரண்படுகிறது என்று கிறிஸ்டோஃபர் எழுதிய பக்கங்களைத் தமிழாக்க, அப்போதும் குடும்ப அறக்கட்டளைக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.